புரோக்கர் இல்லாம சொந்தமா வீடு விக்கிறது: 5க்கு மூணரை ஸ்டார்

தென்காசி பக்கம், கேரளா பார்டர ஒட்டி இருக்குற செங்கோட்டைல இருந்த எங்க அப்பா வீட்ட புரோக்கரே வைக்காம நாங்களே வித்தோம். 2024 தை மாசம் போர்டு மாட்டுனோம், கார்த்திகை கடைசில பத்திரம் முடிஞ்சுது, பதினோரு மாசம். 300 ரூவா குக்கர் மூடி வாங்குறதுக்கு நாப்பது பேரு ரிவ்யூ படிக்கோம், வீடு விக்கதுக்கு முன்ன நான் படிச்சது ஒண்ணுமே இல்ல, எல்லாம் காது வழியா வந்த கதைதான், அதான் எழுதுதேன். நீளமா இருக்கும், பொறுமை இல்லாதவங்க கடைசிக்கு முன்னால இருக்குற கணக்க மட்டும் பாத்துக்கிடுங்க.

வீடு எப்படின்னு சொல்லிடுதேன், அப்பதான் மத்தது புரியும். ஆறரை சென்ட் மனை, முன்னால தார்சா (வராந்தா), அப்புறம் பட்டாசல் (ஹால்), ரெண்டு ரூம், அடுக்களை, பொறவாசல்ல ஒரு கிணறு, முக்காவாசி ஓடு, கொஞ்சம் காங்க்ரீட். தாத்தா வாங்குன வீடு. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா தென்காசில எங்ககூட வந்துட்டாங்க, அண்ணன் சென்னைல, தங்கச்சி மதுரைல, வீடு பூட்டியே கெடந்துச்சு. பூட்டி வச்ச வீட்ட கரையான் என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சரி குடுத்துடுவோம்னு நாலு பேரும் பேசி முடிவு பண்ணுனோம்.

புரோக்கர் ஏன் வேண்டாம்னா, கொள்கை எல்லாம் ஒண்ணும் இல்ல. மொதல்ல ஒருத்தர்கிட்டதான் சொன்னோம். அவரு வந்து வீட்டப் பாக்கவே இல்ல, வாசல்ல பைக்க நிறுத்தி ஏறி உக்காந்த மேனிக்கே "25 லட்சத்துக்கு முடிச்சுத் தாரேன், ரெண்டு பக்கமும் ரெண்டு பர்சன்ட், மேல கெடைக்கிறது எனக்கு"ன்னாரு. மேல கெடைக்கிறது எனக்குன்னா என்ன அர்த்தம்னு அண்ணன் கேட்டான், அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பப் பாத்துட்டுதான் நாமளே பாப்போம்னு ஆச்சு. (வேண்டாம்னு சொன்ன ரெண்டாவது வாரமே "அந்த வீட்டுல பங்காளி கேஸ் ஓடுது"ன்னு ஊருக்குள்ள பேச்சு கிளம்பிடுச்சு. யாரு கிளப்புனதுன்னு சொல்ல மாட்டேன், எனக்கு ஆதாரம் இல்ல, ஆனா எங்களுக்கு பங்காளியே கிடையாது.)

மொத வேல விலை வைக்கிறது. இதுல நாங்க முட்டாத்தனம் பண்ணுனோம். பதிவுத்துறை வெப்சைட்ல, அதான் டிஎன்ரெஜிநெட், வழிகாட்டி மதிப்பு ஃப்ரீயா பாக்கலாம், தெரு பேர் போட்டா சதுர அடிக்கு எவ்வளவுன்னு வந்துரும், ஒரு சென்ட்டுனா 435.6 சதுர அடி, பெருக்கிக்கிடலாம். அது கவர்மென்ட் கணக்கு, பத்திரச் செலவு கணக்குப் போட மட்டும்தான் ஆகும், ஊர் விலை வேற. ஊர் விலைய யாரு சொல்லுவா? பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிச் சொல்லுவாரு, ஏன்னா நம்ம விலை ஏறுனா அவரு வீட்டு விலையும் ஏறும். வாங்க நெனைக்கிறவரு கொறச்சுச் சொல்லுவாரு. நாங்க பக்கத்து வீட்டுக்காரர நம்பி 40 சொன்னோம். மூணு மாசம் ஒரு ஈ காக்கா வரல. அப்புறம் 36 ஆக்குனோம். இந்த இடத்துல புரோக்கருக்கு ஒரு மார்க் குடுத்துதான் ஆகணும், போன மாசம் எந்தத் தெருவுல என்ன விலைக்கு நெசமா கைமாறுச்சுன்னு அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, பத்திரத்துல எழுதுற விலை வேற கைமாறுற விலை வேறன்னு இருக்குற ஊர்ல அந்தத் தகவல் எந்த வெப்சைட்லயும் கெடைக்காது.

அடுத்து ஆப். பேரு சொல்லல. ஓனர் நேரடியா விக்கலாம், புரோக்கர் தொல்லையே இல்லன்னு விளம்பரம் பண்ணுற ஆப்தான். 3,999 ரூவா கட்டி ஒரு பிளான் எடுத்தோம். மொத பிரச்சனை, ஊர் லிஸ்ட்ல செங்கோட்டை இல்ல, கிட்டக்க எதுன்னு பாத்து போடுங்கன்னு வந்துச்சு, அங்க சுத்தி இங்க சுத்தி கடைசில எங்க வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துல இருக்குற மாதிரி மேப்ல நின்னுச்சு. அதனால ஜங்ஷன் பக்கம் வீடு தேடுறவங்க எல்லாம் கூப்பிட்டு, "என்னது செங்கோட்டையா"ன்னு வச்சுட்டாங்க. ரெண்டாவது, ஓனர் பிளான்னு சொல்லிட்டு வந்த காலுல பத்துக்கு எட்டு புரோக்கர். "பார்ட்டி ரெடியா இருக்கு மேடம், சார் இருக்காரா பேசணும்". சார் எதுக்கு, வீடு எங்க அப்பா வீடு, நான்தான் பேசுவேன்னு சொன்னா ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது. எங்க வீட்டுக்காரரு பாவம், அவரு ரேஷன் கடைல நின்னாலும் அவருக்கு போன் போகும்.

மூணாவதா ஒருத்தன் இந்தில பேசுனான், மிலிட்டரில இருக்கேன், தென்காசிக்கு டிரான்ஸ்ஃபர், வீடு பிடிச்சிருக்கு, பாக்கவே வேண்டாம், அட்வான்ஸ் இப்பவே அனுப்புதேன் இந்த கியூஆர் கோட ஸ்கேன் பண்ணுங்கன்னு. என் பொண்ணு பிளஸ் டூ படிக்கா, அவதான் போன பிடுங்கி "பணம் வாங்குறதுக்கு யாரும்மா ஸ்கேன் பண்ணுவா"ன்னா. பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம் பின் நம்பரும் வேண்டாம், இத எழுதி பிரிட்ஜுல ஒட்டி வச்சுக்கிடுங்க. ஆப்புக்கு ஒரு ஸ்டார், அதுவும் போட்டோ அப்லோட் பண்ணுறது ஈஸியா இருந்துச்சுன்னு.

இதுக்கு நடுவுல சீசன். குத்தாலத்துக்கு வாற கூட்டம் இருக்கே, ஜூன் ஜூலைல, குளிச்சுட்டு, பார்டர்ல புரோட்டா கோழி சாப்ட்டுட்டு, மதியம் பொழுது போகணும்ல, போர்டப் பாத்துட்டு வண்டிய நிறுத்திடுவாங்க. "சும்மா பாக்கலாமா சிஸ்டர்". நான் தென்காசில இருந்து எட்டு கிலோமீட்டர் சாவிய எடுத்துட்டு ஓடணும். ஈரத் துண்டோட வீடு பாத்தவங்க எத்தன பேரு தெரியுமா. ஒரு குடும்பம் பட்டாசல்ல உக்காந்து கொண்டாந்த முறுக்கையும் தின்னுட்டு, செல்ஃபி எடுத்துட்டு, "சூப்பர் வீடு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, வெலை கூட கேக்கல. அதுக்கு மேல சாரல்ல வீட்டக் காட்டுனா ஓடு ஒழுகுறது தெரியும், பங்குனில காட்டுனா கிணத்துல தண்ணி இல்லாதது தெரியும். எப்ப காட்டணும்னு கேட்டா ஐப்பசி மழை நின்ன மறுவாரம்னு சொல்லுவேன், கிணறு நெறஞ்சிருக்கும், கூரை காஞ்சிருக்கும். தமாசுக்குச் சொல்லுதேன், ஒழுகுனா ஒழுகுதுன்னு சொல்லிடுங்க, எங்க அம்மா வந்தவங்க எல்லார்கிட்டயும் மொத வார்த்தையே அதத்தான் சொன்னாங்க, நாங்க தலையில அடிச்சுக்கிட்டோம், ஆனா கடைசில வாங்குனவரு அதனாலதான் மத்தத நம்புனாரு.

இப்ப போர்டுக்கு வாறேன், இந்த ரிவ்யூல அஞ்சு ஸ்டார் வாங்குன ஒரே ஆளு அதுதான். மொதல்ல தமிழ்ல மட்டும் எழுதிருந்தோம், "வீடு விற்பனைக்கு, புரோக்கர்கள் அணுக வேண்டாம்"னு. அணுக வேண்டாம்னு போட்டதப் பாத்துட்டு அணுகுனவங்க எல்லாம் புரோக்கர்தான். ஆவணில, கேரளாவோட கர்க்கடகமும் நம்ம ஆடியும் சேந்தாப்புல முடிஞ்சு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நல்ல காரியம் பேச ஆரம்பிக்கிற நேரம், போர்டு எழுதுற தம்பிகிட்ட தொலஞ்சு போன எழுத்த திருத்தக் குடுத்தேன். அவன் சொன்னான், "அக்கா, நம்ம ரோட்டுல போற வண்டில பாதி கேரளா வண்டி, அவங்க படிக்க ஒண்ணும் இல்லையே, கீழ மலையாளத்துல ரெண்டு வரி போடட்டா?" அவனுக்கு ஆரியங்காவுல மாமா வீடு, எழுத்து தெரியும். "வீடு வில்ப்பனைக்கு, உடம நேரிட்டு"ன்னு எழுதுனான். உடமன்னா ஓனர், நேரிட்டுன்னா நேரடியான்னு அர்த்தமாம். 400 ரூவா கூட வாங்கிக்கிட்டான். அந்த 400 ரூவாதான் வீட்ட வித்துச்சு.

புளியரை வழியா தெனமும் காய் லாரி புனலூர் பக்கம் போகும்ல, அதுல காய் ஏத்துற வியாபாரி ஒருத்தர், போர்டப் பாத்துட்டு மூணாவது நாள் கூப்பிட்டாரு. சுரண்டைலயும் பாவூர்சத்திரத்துலயும் காய் எடுத்து அங்க கொண்டு போறவரு, இந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தா ராத்திரி தங்கவும் ஆச்சு, சாக்கு அடுக்கவும் ஆச்சுன்னு ரொம்ப நாளாத் தேடிட்டு இருந்துருக்காரு. தமிழ் நம்மள விட நல்லாப் பேசுவாரு. புரோக்கர்கிட்ட போனா கேரளாக்காரன்னு தெரிஞ்சதும் சென்ட்டுக்கு 50,000 ஏத்திச் சொல்லுவாங்களாம், அதனாலதான் அவரும் நேரா ஓனரத் தேடிருக்காரு. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே ஆளுக்குப் பயந்து ஒளிஞ்சுட்டு இருந்துருக்கோம்.

பேரம்தான் கஷ்டம். இத யாரும் சொல்ல மாட்டாங்க. புரோக்கர் இருந்தா அவரு இங்க வந்து "அவன் 28தான் சொல்லுதான், நான் திட்டிட்டு வந்தேன்"னுவாரு, அங்க போயி "அந்த அம்மா 36ல இருந்து எறங்க மாட்டேங்குறாங்க, நான்தான் பேசி வச்சிருக்கேன்"னுவாரு, ரெண்டும் பொய்யி, ஆனா ரெண்டு பேருக்கும் மூஞ்சி கெடாது. நேரா உக்காந்தா அந்தத் திரை இல்ல. அவரு சம்சாரம் வந்து அடுக்களையப் பாத்துட்டு, "இருட்டா இருக்கு, இடிச்சுட்டு வேறதான் கட்டணும்"னு சாதாரணமாத்தான் சொன்னாங்க. வாங்குறவங்க சொல்லத்தான் செய்வாங்க. ஆனா எங்க அம்மா முப்பத்தெட்டு வருசம் அந்த அடுக்களைலதான் நின்னாங்க. காப்பி டம்ளர எடுத்துட்டு உள்ள போனவங்க வரவே இல்ல. அன்னைக்கு ராத்திரி "குடுக்க வேண்டாம்"னுட்டாங்க. நாலு நாள் ஆச்சு சமாதானம் பண்ண. ரெண்டு பர்சன்ட் எதுக்குன்னு அந்த நாலு நாள்லதான் எனக்குப் புரிஞ்சுது. உங்க வீட்டுல வயசானவங்க இருந்தா, வீடு காட்டுற அன்னைக்கு அவங்கள கோயிலுக்கோ மக வீட்டுக்கோ அனுப்பிடுங்க, நான் இதுக்கு மேல விளக்க மாட்டேன்.

36ல ஆரம்பிச்சு, 28ல அவரு ஆரம்பிச்சு, 31ல நின்னுச்சு. விலையப் பேசுனது அண்ணன், போன்லதான், முகம் தெரியாம பேசுனதே நல்லது.

அடுத்து பேப்பர், இதுதான் நெசமான வேல. எங்க தாத்தா 1933ல வாங்குன பத்திரம் திருவாங்கூர் பத்திரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவாங்கூர்லதான் இருந்துச்சு, அப்புறம் திருவாங்கூர்-கொச்சியா ஆனப்பவும் அதுலதான், அன்னைக்குதான் கன்னியாகுமரிப் பக்க தாலுகாக்களோட சேந்து மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்துச்சு, ஊருக்குள்ள நுழையற வளைவுல இன்னும் சங்கு முத்திரை இருக்கு பாத்துருப்பீங்க. அந்தச் சங்குதான் எங்க பத்திரத்துலயும் இருக்கு. எழுத்து மலையாளம், தேதி மலையாளக் கணக்குல கொல்லம் ஆண்டு 1108 மேட மாசம், தொகை சக்கரக் கணக்கு, அதான் திருவாங்கூர் காசு. சின்ன வயசுல அந்தப் பேப்பர அப்பா இரும்புப் பெட்டில இருந்து எடுத்து வெயில்ல காய வைப்பாரு, ஒரு வரி கூட படிக்கத் தெரியாது அவருக்கும். தமிழ் வீட்டுக்கு மலையாளப் பத்திரம், அத வச்சுக்கிட்டு தொண்ணூறு வருசம் வரி கட்டிருக்கோம்.

நல்லவேளையா தாத்தா 1979ல அப்பா பேருக்கு செட்டில்மென்ட் (காசு வாங்காம குடும்பத்துக்குள்ள எழுதிக் குடுக்குற பத்திரம்) எழுதி ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருந்தாரு. வில்லங்கம், அதான் சொத்து மேல என்னென்ன பத்திரம் பதிவாகிருக்குன்னு காட்டுற சான்று, ஆன்லைன்ல 1975ல இருந்து எடுக்கலாம்ங்குறதால அந்த என்ட்ரி விழுந்துச்சு, அதுக்கு முந்துன வருசங்களுக்கு சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மனு போட்டு தேடச் சொல்லணும். வில்லங்கத்த நீங்களே எடுங்க, வீட்டுல உக்காந்தே எடுக்கலாம், வாங்குறவரு கேக்கதுக்கு முன்னாடியே எடுத்து நீட்டுனா "பங்காளி கேஸ்" பேச்செல்லாம் அங்கேயே செத்துரும். எங்களுக்கு அப்படித்தான் செத்துச்சு.

பத்திரம் எழுதுற அண்ணாச்சி ஒருத்தர் தென்காசில, அவருக்கு நாலரை ஸ்டார், அரை ஸ்டார் கொறச்சது அவரு பேசுறது ஒண்ணும் புரியாதுங்குறதுக்காக, வாயில எப்பவும் வெத்தல. நாங்க என்ன நெனச்சோம்னா, அம்மாவும் நானும் தங்கச்சியும் மொதல்ல அண்ணன் பேருக்கு விடுதலைப் பத்திரம் (எங்க பங்க விட்டுக் குடுக்குற பத்திரம்) எழுதிட்டு அப்புறம் அண்ணன் ஒருத்தன் மட்டும் கிரயம் பண்ணுவான்னு. ஒரு புரோக்கர்தான் அப்படிச் சொல்லிக் குடுத்துருந்தாரு, ஒரு ஆளு கையெழுத்துனா சுலபம்னு. அண்ணாச்சி கேட்டாரு, "எதுக்குவே காசக் கரியாக்குதீக?" குடும்பத்துக்குள்ள விடுதலைனா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000, 2023 ஜூலைல ஏத்துனது. அது ஒண்ணுமே தேவை இல்ல, வாரிசுச் சான்றிதழ் இருக்குல்ல, நாலு பேரும் சேந்தே வித்தவங்களா கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க, பணம் அவங்கவங்க அக்கவுன்ட்டுக்கு நேரா வரட்டும், நாளைக்கு வருமான வரிக்கும் அவங்கவங்க பங்கு அவங்கவங்க கணக்குல தெளிவா நிக்கும்னாரு. ஒரு வெத்தல மடிக்கிற நேரத்துல எங்களுக்கு முப்பதாயிரமோ நாப்பதாயிரமோ மிச்சம்.

கிரய ஒப்பந்தம் பத்தி ஒரு சண்டை. வாங்குறவரு, அவங்க கேரளா பக்கம் கராறு, அதான் ஒப்பந்தம், எழுதி கையெழுத்துப் போட்டா போதும்னாரு. தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தையும் ரிஜிஸ்டர் பண்ணணும்னு சட்டம், அண்ணாச்சி கறாரா சொல்லிட்டாரு. பண்ணுனோம். அட்வான்ஸ் 3 லட்சம், செக்தான். வீட்டு விசயத்துல 20,000மோ அதுக்கு மேலயோ அட்வான்ஸ ரொக்கமா வாங்கக் கூடாது, மாட்டுனா வாங்குன அளவுக்கே அபராதம் போடலாம், இது நெறைய பேருக்குத் தெரியாது. கொஞ்சம் கைல குடுத்து பத்திரத்துல கொறச்சுக் காட்டுவோமான்னு அவரு ஒரே ஒரு தடவை மெதுவா கேட்டாரு. அண்ணன் முடியாதுன்னுட்டான். அதுக்கு அப்புறம் அவரு கேக்கவே இல்ல, அது ஒரு மரியாதை. பத்திரச் செலவு அவரோடது, தமிழ்நாட்டுல முத்திரை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். அவங்க ஊர்ல 8ம் 2ம் 10 ஆம், அதனால 9ன்னதும் அவரு முகம் மலந்துச்சு, நம்ம ஆளுகளா இருந்தா 9 கேட்டு நெஞ்சப் பிடிப்பாங்க.

அளவுலதான் சிக்கிருச்சு. பழைய பத்திரத்துல ஆறே முக்கால் சென்ட், பட்டால ஆறரை. அவரு வக்கீல் இந்தக் கால் சென்ட் எங்கேன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான், கால் சென்ட்டுனா ஒரு லட்சத்துக்கு மேல. சர்வேயர வரச் சொல்லி மனு போட்டு அத்து (எல்லை) காட்ட ஆறு வாரம். ஆறரைதான் இருந்துச்சு. அப்ப அந்தக் கால் எங்க போச்சு? மலையாளப் பத்திரத்த மொழிபெயர்த்துட்டு வாங்கன்னுட்டாரு வக்கீல். மொழிபெயர்க்க ஆள் தேடிட்டு இருக்கும்போது, வாங்குறவரு ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்தாரு. எம்பது வயசு இருக்கும், கசவு முண்டு, கண்ணாடி. தார்சால உக்காந்து பத்திரத்த மடியில விரிச்சு, கண்ணுக்குக் கிட்ட வச்சு, சத்தமா, பாட்டுப் படிக்கிற மாதிரி வாசிக்க ஆரம்பிச்சாங்க. நாங்க யாரும் அசையல. தாத்தா பேரு வந்துச்சு. தாத்தாவோட அப்பா பேரு வந்துச்சு, அது எங்க அம்மாவுக்கே தெரியாத பேரு. கிழக்கே இன்னாரு புரையிடம், தெக்கே வாய்க்கால்னு வந்து, வடக்கே வரும்போது நிறுத்திட்டு மறுபடி படிச்சாங்க. வடக்குப் பக்கம் நீளத்துக்கும் வழிநடைக்கு இடம் விட்டுருக்குன்னு இருக்குதாம். எங்க வீட்டு வடக்குச் செவுத்த ஒட்டி ஒரு முடுக்கு போகும், ஊரே நடக்கும், நாங்க அது முனிசிபாலிட்டி எடம்னு நெனச்சுட்டு இருந்தோம். எங்க கால் சென்ட் அதான்.

எங்க அம்மா உள்ள போயி அந்த இருட்டு அடுக்களைல காப்பி போட்டுக் கொண்டாந்தாங்க. அவங்க குடிச்சுட்டு "நல்ல காப்பியாணு"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. ஆனா குடுக்க வேண்டாம்ங்குற பேச்சு அதுக்கு அப்புறம் வீட்டுல வரல.

மார்கழி பொறந்தா நம்ம ஆளுக பத்திரம் பண்ண மாட்டாங்க, அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல, இருந்தாலும் எங்களுக்காக அதுக்கு முன்னாடி டோக்கன் போட்டாரு. ஆபீஸ்ல கைரேகை, போட்டோ, ரெண்டு சாட்சி, ஆதார், எல்லாம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது. மிச்சப் பணம் நாலு டிடி. ஒரே ஒரு புத்தி சொல்லுதேன், டிடி நகல மொதல் நாளே வாங்கி, அது எடுத்த பேங்குல நேராப் போயி கேட்டுக்கிடுங்க, வாங்குறவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, நாங்க கேட்டோம், அவரு கோவிச்சுக்கல. 50 லட்சமும் அதுக்கு மேலயும் போச்சுன்னா வாங்குறவரு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும், நம்ம வீடு அவ்வளவு பெரிய ஆளு இல்ல. லாபத்துக்கு வரி உண்டு, 2024 ஜூலை 23ல இருந்து வித்தா 12.5 சதவீதம், அந்தத் தேதிக்கு முன்ன வாங்குன பழைய சொத்துனா இன்டெக்சேஷன் (விலைவாசி ஏத்தத்துக்குத் தக்க அடக்க விலையக் கூட்டுறது) போட்டு 20 சதவீதம்னும் கணக்குப் போடலாம், எது கொறச்சலோ அது. 2001க்கு முந்துன வீடுன்னா 2001 ஏப்ரல் 1 மதிப்ப அடக்க விலையா எடுத்துக்கிடலாம். ஆடிட்டர்கிட்ட போங்க, இதுல மட்டும் நாமளே பாப்போம்ங்குற வீரம் வேண்டாம்.

கணக்கு. ஆப் 3,999, போர்டு மலையாளத்தோட 2,050, எங்க பக்க வக்கீல் ஒப்பீனியன் 5,000, வில்லங்கம் நகல் சர்வே மனு சில்லறை எல்லாம் சேத்து 2,500. சுமாரா 13,500 ஆச்சு. 31 லட்சத்துக்கு ரெண்டு பர்சன்ட்டுனா 62,000. மிச்சம் 48,500. தென்காசி-செங்கோட்டை எத்தன தடவை போயிட்டு வந்தேன்னு எண்ணல, எண்ணுனா மிச்சம் கொறஞ்சுரும். ஆனா நெசமான மிச்சம் இது இல்ல, மொத நாள் பைக்ல உக்காந்துட்டு 25ன்னு சொன்னாருல்ல, அந்த 25க்கும் 31க்கும் நடுவுல இருக்குறது.

யாருக்கு சரிப்படும்னு கேட்டீங்கன்னா, பக்கத்துலயே ஒரு ஆளு இருக்கணும், சாவியோட ஓட. காசு அவசரம் இருக்கக் கூடாது. அண்ணன் மாதிரி சென்னைல இருந்துக்கிட்டு பண்ணிடலாம்னு நெனச்சா முடியாது, அவனுக்கு ஒரு ஆளு இங்க நானு. கல்யாணத்துக்கு மூணு மாசத்துல பணம் வேணும்ங்குறவங்க பேசாம நல்ல புரோக்கரப் பிடிங்க, நல்லவங்களும் இருக்காங்க, எங்க சித்தி வீட்டு மனைய ஒருத்தர் முப்பது நாள்ல சுத்தமா முடிச்சுக் குடுத்தாரு, அதையும் சொல்லணும்ல. பேப்பர் எல்லாம் கோர்ட்டுல கெடந்தா இதத் தொடவே தொடாதீங்க.

ஒன்றரை ஸ்டார் எதுக்குக் கொறச்சேன்னா, ஒண்ணு அந்த நாலு நாளுக்கு, அரை அந்த ஈரத் துண்டுக்காரங்களுக்கு.

பத்திரம் முடிஞ்சதும் பட்டா அவரு பேருக்குத் தானாவே மாறிடுச்சு, உட்பிரிவு இல்லாத இடம்னா இப்ப அப்படித்தான். கரன்ட் கார்டும் வீட்டு வரியும் அவரு மாத்திக்கிட்டாரு. ஆப்ல இருந்து இன்னும் மெசேஜ் வருது, உங்க வீட்டுக்கு 14 பேரு ஆர்வமா இருக்காங்க, பிளான ரெனியூ பண்ணுங்கன்னு. போர்டு எங்க மொட்ட மாடில கெடக்கு, நாலுக்கு மூணு, தகரம் நல்லா கெட்டி, தமிழும் மலையாளமும் ரெண்டும் இருக்கு. தென்காசி பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க, என் போன் நம்பர மட்டும் பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டு மாட்டுங்க.